நூறு வயது தாண்டிய ரேஞ்சர் வீட்டில் இரண்டு இரவு

கேள்வி இது: சியாட்டிலில் வசிக்கும் ஒரு குடும்பம், பெரியவர் இருவர், எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள் இருவர். ஒலிம்பிக் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், டக்கபுஷ் ஆற்றோரம் இருக்கும் இன்டரோரெம் என்ற பழைய ரேஞ்சர் கேபினில் நவம்பரில் இரண்டு இரவு தங்க நினைக்கிறார்கள். தண்ணீரும் மின்சாரமும் இல்லை என்று போட்டிருக்கிறது. பிள்ளைகளோடு சமாளிக்க முடியுமா, என்னென்ன கொண்டு போக வேண்டும்?

தாராளமாக முடியும். ஆனால் கேபின் என்றதும் மனதில் வரும் ரிசார்ட் படத்தை முதலில் அழித்துவிடுங்கள். அது விருந்தாளிக்காகக் கட்டிய வீடு அல்ல. காட்டைப் பார்த்துக்கொள்ள வந்த ஓர் அரசு ஊழியர் குடியிருந்து வேலை பார்த்த வீடு. சாவி கொடுக்க, கூட்டிப் பெருக்க, கேஸ் தீர்ந்தால் மாற்ற அங்கே ஆள் கிடையாது. அங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அதன் விதிகளும் புரியும். 1897-இல் அதிபர் கிளீவ்லாந்து ஒலிம்பிக் மலைக்காடுகளைக் காப்புக்காடாக அறிவித்தார். 1905-இல் அமெரிக்க வனத்துறை உருவானது. 1907-இல் காப்புக்காடுகளுக்குத் 'தேசிய வனம்' என்று பெயர் மாறியது. அதே 1907-இல் எமெரி ஃபின்ச் என்ற ரேஞ்சர் கட்டிய மரவீடுதான் இன்டரோரெம். ஒலிம்பிக் தேசிய வனத்தின் முதல் நிர்வாகக் கட்டடம் இதுவே. மறு வருடம் அவரும் மனைவி மேபலும் குடிவந்தார்கள். பட்டை உரித்த முழு மரங்களை அடுக்கிய சுவர், சதுரமான தரைப்படம், நான்கு பக்கமும் சரிந்து உச்சியில் ஒன்றுகூடும் பிரமிடுக் கூரை. அந்தக் கூரை அழகுக்காக மட்டும் அல்ல. இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையில் மீதி இரண்டு பக்கமும் முக்கோணச் சுவர் மழைக்கு நேராக நிற்கும். நான்கு பக்கமும் சரிந்தால் எந்தச் சுவரும் முழுதாக நனைவதில்லை. மரச்சுவருக்கு முதல் எதிரி ஈரம். நூற்றாண்டைத் தாண்டி அந்த வீடு நிற்பதில் அந்தக் கூரைக்கும் பங்கு உண்டு. 1984-இல் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறியது.

இனி முன்பதிவு. அமெரிக்க அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் தேதி தேதியாகத் திறப்பார்கள்; பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். கோடைக்கால வெள்ளி, சனி இரவுகள் திறந்த நிமிடத்திலேயே போய்விடும். நவம்பரில் வாரநாள் கிடைப்பது சுலபம். நான்கு பேருக்கு மேல் அனுமதி இல்லை. பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறார், ஐந்தாவதாகக் கூட்டிப் போகலாமா என்றால் கூடாது. வாடகையைத் தளத்திலேயே பாருங்கள், அவ்வப்போது மாறுகிறது. ஆனால் ரத்து விதியைக் கட்டாயம் படியுங்கள்: கேபின்களுக்கு 14 நாளைக்குள் ரத்து செய்தால் 10 டாலரோடு முதல் இரவு வாடகையும் போகும், கூடாரத் தளத்துக்கு இருக்கும் சலுகை இதற்குக் கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் வரும் பருவத்தில் பதிவு செய்கிறீர்கள், அதைக் கணக்கில் வையுங்கள்.

கதவுப் பூட்டுக்கு எண் தருவார்கள். அந்த எண்ணை மின்னஞ்சலிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். டக்கபுஷ் பள்ளத்தாக்குக்குள் கைபேசி சிக்னல் எடுக்காது. காகிதத்தில் எழுதி இரண்டு பேர் சட்டைப்பையில் வையுங்கள். எண் பூட்டில் எண்கள் ஒரே கோட்டில் துல்லியமாக நிற்க வேண்டும். பாதி நகர்ந்திருந்தால் திறக்காது, எண் தவறு என்று நினைத்துவிடுவோம். இருட்டில் இது பெரிய தொல்லை. நவம்பரில் அந்தப் பக்கம் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், பள்ளத்தாக்குக்குள் அதற்கும் முன்னால். மூன்று மணிக்குள் வாசலில் இருப்பதுபோல் கிளம்புங்கள்.

சியாட்டிலில் இருந்து இரண்டு வழி. எட்மண்ட்ஸ் அல்லது பெயின்பிரிட்ஜ் படகில் கடந்து, ஹூட் கெனால் பாலம் வழியாக 101-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே வருவது ஒன்று. டக்கோமா, ஒலிம்பியா சுற்றி ஹூட்ஸ்போர்ட் வழியாக வடக்கே வருவது இன்னொன்று. முதல் வழி தூரம் குறைவு, ஆனால் அந்தப் பாலம் மிதக்கும் பாலம். காற்று மணிக்கு 40 மைல் தாண்டி நீடித்தால் மூடிவிடுவார்கள். கடற்படை நீர்மூழ்கி வந்தாலும் நடுப்பகுதியைத் திறந்து வண்டிகளை நிறுத்துவார்கள். காற்றுக்கு அத்தனை பயப்படக் காரணம் உண்டு: 1979 பிப்ரவரி 13 புயலில் அதன் மேற்குப் பாதி மூழ்கியது, திரும்பத் திறக்க 1982 அக்டோபர் ஆனது. நவம்பர் புயல் மாதம். கிளம்பும் காலையில் பாலத்தின் நிலவரத்தைப் பாருங்கள்; மூடியிருந்தால் ஒலிம்பியா வழிதான். பெட்ரோலையும் மளிகையையும் வழியில் வரும் சிற்றூர்களான குவில்சீனிலோ ஹூட்ஸ்போர்ட்டிலோ முடித்துவிடுங்கள். பிரின்னன் என்ற சிற்றூருக்குத் தெற்கே டக்கபுஷ் சாலையில் திரும்பி ஏறக்குறைய 4 மைல் உள்ளே போனால் கேபின். சாதாரணக் கார் போதும். உயரம் குறைவான இடம் என்பதால் பனிப்பொழிவு அபூர்வம், மழைதான் நிச்சயம். பிரின்னன் பக்கம் நெடுஞ்சாலையில் ரூஸ்வெல்ட் எல்க் மான் கூட்டம் குறுக்கே வரும். குதிரை அளவு விலங்கு, ஒன்று கடந்தால் பின்னால் பத்து வரும் என்று வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்துங்கள்.

தண்ணீர். இதில்தான் நம் குடும்பங்கள் கணக்குத் தவறுகின்றன. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் என்பது எல்லோரும் சொல்லும் அளவு. அது குடிக்கவும், பொட்டலத்தைப் பிரித்துக் கொதிக்கும் நீரில் போட்டுச் சாப்பிடவும் போதும். அரிசி களைந்து, பருப்பு கழுவி, குழம்பு வைத்து, எண்ணெய்ப் பாத்திரம் தேய்க்கும் சமையலுக்குப் போதாது. நான்கு பேர், இரண்டு இரவு என்றால் 8 கேலன் குடிக்க, சமைக்க; 5 கேலன் கழுவ; 2 கேலன் கழிப்பறைக்கு. ஆக 15 கேலன், சுமார் 57 லிட்டர். 7 கேலன் பிடிக்கும் நீலக் கேன் இரண்டும் ஒரு கேலன் புட்டி ஒன்றும் எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நிரம்பிய 7 கேலன் கேன் 26 கிலோவுக்கு மேல் கனக்கும். தூக்க ஆள் யார் என்று யோசித்து வாங்குங்கள், இல்லையென்றால் சின்னச் சின்னதாகப் பிரியுங்கள். குழாய் வைத்த மூடி உள்ள கேனாகப் பார்த்து வாங்கினால் பிள்ளைகளே கை கழுவிக்கொள்வார்கள், சாய்த்து ஊற்றிச் சிந்தும் வீணும் மிச்சம்.

தண்ணீர்ச் செலவைக் குறைக்கவும் வழி உண்டு. அரிசியையும் பருப்பையும் வீட்டிலேயே களைந்து, நிழலில் உலர்த்திப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குழம்பு, பொரியலை ஒரு நாளைக்கு வீட்டிலேயே செய்து உறையவைத்து எடுத்துப் போனால் ஐஸ் பெட்டிக்கு அதுவே ஐஸ். 3 லிட்டர் குக்கர் ஒன்று போதும். கேஸும் மிச்சம், ஆவியாகிப் போகும் நீரும் மிச்சம். எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் காகிதத் துண்டால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் போதும்.

ஆறு பக்கத்திலேயே ஓடுகிறதே என்றால், ஓடுகிறது, கண்ணாடிபோல் இருக்கிறது, அப்படியே குடிக்கக் கூடாது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரியாது. குமிழ் பொங்கக் கொதித்த பின் ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் போதும். 6,500 அடிக்கு மேலே இருக்கும் கேபின்களில் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணியை அது சரியாகக் கொல்லாது. கழுவிய தண்ணீரை ஆற்றோரம் ஊற்றாதீர்கள். பருக்கையை வடிகட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அங்கே ஒட்டியிருக்கும் அறிவிப்பில் சொன்ன இடத்தில் ஊற்றுங்கள். அறிவிப்பு இல்லை என்றால் ஆற்றிலிருந்து 200 அடி தள்ளி விசிறி ஊற்றுங்கள்.

அடுத்து கேஸ். இன்டரோரெமில் அடுப்பு, விளக்கு, சூடேற்றி, குளிர்பெட்டி எல்லாமே புரொப்பேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சுவரில் இருக்கும் கேஸ் விளக்கில் பெட்ரோமாக்ஸில் கட்டும் அதே வலைதான், மேன்டில். ஒருமுறை எரிந்துவிட்டால் அது துணி இல்லை, சாம்பல். விரல் பட்டால் உதிரும், தீக்குச்சி முனை பட்டால் ஓட்டை விழும். பற்ற வைக்கும் வரிசை முக்கியம்: நீளத் தீக்குச்சியை எரியவிட்டு மேன்டில் அருகே, தொடாமல் பிடியுங்கள். அதற்குப் பிறகு குமிழை மெதுவாகத் திறங்கள். தலைகீழாகச் செய்தால், அதாவது கேஸைத் திறந்துவிட்டுத் தீக்குச்சி தேடினால், சேர்ந்த கேஸ் 'பொப்' என்று பிடிக்கும், அந்த அதிர்ச்சியிலேயே மேன்டில் உதிரும். ஓட்டை விழுந்த மேன்டிலை எரிய விடாதீர்கள். ஓட்டை வழியாகச் சுவாலை நேராகக் கண்ணாடியில் அடித்து அதை வெடிக்க வைக்கும். பாதுகாப்பாக இருக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் கைக்கு ஆளுக்கொரு நெற்றி விளக்கும், மேசைக்கு இரண்டு பேட்டரி லாந்தரும் கொண்டுபோய்க் கேஸ் விளக்கைப் பெரியவர்கள் மட்டும் ஏற்றலாம். மெழுகுவத்தியும் சாம்பிராணியும் ஊதுவத்தியும் வேண்டாம். காய்ந்த பழைய மரம் அது.

அடுப்போ சூடேற்றியோ பற்றவில்லை என்றால் உடனே கேஸ் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல நாள் யாரும் பயன்படுத்தாதபோது குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். முதலில் அடுப்பின் ஒரு பர்னரில் பற்ற வையுங்கள். அங்கே சுவாலை நிலைத்தால் கேஸ் வருகிறது என்று பொருள். பிறகு சூடேற்றியின் பைலட், அதாவது அதைப் பற்ற வைக்கும் சிறு சுவாலை. குமிழை அழுத்திக்கொண்டே பற்ற வைத்து, பற்றியபின் 30 முதல் 60 வினாடி அழுத்தியபடியே இருக்க வேண்டும். சுவாலையில் இருக்கும் தெர்மோகப்பிள் என்ற உலோக முனை சூடாகி அந்தச் சூட்டில் பிறக்கும் சிறு மின்னோட்டம்தான் வால்வைத் திறந்து வைக்கிறது. அதற்குமுன் கையை எடுத்தால் அணைந்துவிடும். அணைந்தால் ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி முயலுங்கள்.

அழுகிய முட்டை வாடை வந்தால் வேறு கதை. புரொப்பேனுக்கு இயல்பில் மணம் இல்லை, கசிவு தெரிவதற்காகவே அந்த வாடையைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். ஆகவே ஜன்னலைவிடக் கதவைத் திறப்பது முக்கியம். எதையும் பற்ற வைக்காமல் எல்லோரும் வெளியே வந்து, சிலிண்டர் வால்வை வெளியிலிருந்து மூடுங்கள். கேபினுக்குள் நுழைந்ததும் அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று பெரியவர் இருவரும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அலாரம் இருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், மாற்று பேட்டரி கொண்டு போங்கள். தலைவலி, குமட்டல் என்று பிள்ளைகள் சொன்னால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்காமல் முதலில் வெளியே கூட்டி வாருங்கள். குளிருக்காக வீட்டிலிருந்து கரி அடுப்போ கூடார ஹீட்டரோ உள்ளே கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. இன்னொன்று: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி பிறக்கும். விளக்கும் அடுப்பும் அதை வீட்டுக்குள்ளேயே விடுகின்றன. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதும், படுக்கை நசநசப்பதும், மரச்சுவரில் பூசணம் பிடிப்பதும் அதனால்தான். சமைக்கும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். நனைந்த சட்டைகளைச் சூடேற்றிமேல் போட்டு உலர்த்தும் ஆசை வேண்டாம். தீயும் பிடிக்கும், ஈரமும் சேரும்.

கேஸ் குளிர்பெட்டி நம் வீட்டுப் பெட்டி மாதிரி அல்ல. அதில் கம்ப்ரசர் இல்லை, அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர வைக்கிறது. குளிரவே அரை நாள் ஆகும். மாலை மூன்றுக்குப் பால் வைத்தால் இரவு வெதுவெதுப்பாகவே இருக்கும். ஐஸ் பெட்டியை நம்புங்கள், அதை உபரியாக வையுங்கள்.

இனி யாரும் கேட்காத, நான் முதலில் கேட்கச் சொல்லும் விஷயம்: எலி.

மரவீட்டில் எலி வராமல் தடுக்க முடியாது. 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் போதும் அதற்கு. அந்தப் பகுதியில் வருவது பெரும்பாலும் வெள்ளை வயிறும் பெரிய கண்ணும் உள்ள டீர் மவுஸ் என்ற சுண்டெலி. அதன் சிறுநீர், புழுக்கை, எச்சிலில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். காய்ந்த புழுக்கையைப் பெருக்கும்போது எழும் தூசியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. நோய் வருவது மிக அரிது, ஆனால் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறக்கிறார்கள். 2012-இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் தங்கியவர்களில் 10 பேருக்கு இந்த நோய் வந்து 3 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் தங்கியது இரட்டைச் சுவருக்கு நடுவே எலி கூடு கட்டியிருந்த கூடாரக் கேபின்களில்.

பயந்து போகத் தேவையில்லை, வரிசையைப் பின்பற்றினால் போதும். கதவைத் திறந்ததும் பிள்ளைகளை வெளியிலேயே நிறுத்துங்கள். எல்லா ஜன்னலையும் திறந்து 30 நிமிடம் காற்றோட விடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளோடு ஆற்றைப் பார்த்து வரலாம். திரும்பி வந்து டார்ச் அடித்து அடுப்படி அலமாரி, மெத்தை, மேசை இழுப்பறை எல்லாம் பாருங்கள். புழுக்கை கண்ணில் பட்டால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து நன்றாக நனையுங்கள். அரை லிட்டர் தெளிப்புட்டியில் 50 மில்லி ப்ளீச், 450 மில்லி தண்ணீர். ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத் துண்டால் துடைத்து, இரட்டைப் பையில் கட்டுங்கள். கலவையை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், வைத்தால் வீரியம் போய்விடும். வினிகரோடோ அமோனியா கலந்த துடைப்பானோடோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். துடைத்த பிறகே பைகள் உள்ளே வர வேண்டும்.

ராத்திரி எலி வருவதும் வராததும் உங்கள் உணவைப் பொறுத்தது. முறுக்கு, பிஸ்கட், அரிசி எதுவும் துணிப்பையில் இருக்கக் கூடாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வண்டிக்குள் பூட்டுங்கள். காரைவிட நல்ல அலமாரி அங்கே கிடையாது. பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கும் வேர்க்கடலையைக்கூடப் பார்த்துவிடுங்கள். கருங்கரடி உள்ள காடு என்பதாலும் இந்தப் பழக்கம் நல்லது.

படுக்கைக்கு மெத்தை மட்டும்தான் இருக்கும். மேலே விரிக்க ஒரு விரிப்பு, ஆளுக்கொரு தூக்கப்பை, தலையணை. நவம்பருக்கு உறைநிலைக்குப் பக்கம்வரை தாங்கும் தூக்கப்பை வேண்டும். பஞ்சுப் போர்வை அந்த ஈரக்காற்றில் சூட்டைப் பிடித்து வைக்காது. கம்பளி அல்லது ஃபிளீஸ் எடுங்கள். பாத்திரங்கள் ஏதாவது இருக்கும், கத்தி வெட்டாது, கரண்டி கிடைக்காது என்ற நினைப்பிலேயே போங்கள். சமையலில் ஒரு எச்சரிக்கை: மஞ்சள் தூளும் சாம்பாரும் அந்தப் பழைய மரத்தளத்தில் சிந்தினால் கறை போகாது. ஒரு பிளாஸ்டிக் மேசைவிரிப்பைச் சமைக்கும் இடத்திலும் தரையிலும் விரித்துவிடுங்கள். வடை, அப்பளம் பொரிக்கும் திட்டம் இருந்தால் வெளியே கேம்ப் அடுப்பில் செய்யுங்கள்.

கழிப்பறை வெளியே, குழிக் கழிப்பறை. கீழே கான்கிரீட் தொட்டி, லாரி வந்து உறிஞ்சி எடுக்கும். நாற்றம் வராமல் இருக்க ஒரு சூட்சுமம் உண்டு: தொட்டியிலிருந்து கூரைக்குமேல் போகும் காற்றுக்குழாய் நாற்றத்தை மேலே இழுக்கிறது. இருக்கையின் மூடியை மூடி, கதவையும் சாத்தினால்தான் இழுப்பு சரியாக வேலை செய்யும். மூடியைத் திறந்து விட்டால் நாற்றம் அறைக்குள்ளேயே சுற்றும். ஈரத் துடைப்பான், டயப்பர், சாப்பாட்டு மிச்சம் எதையும் உள்ளே போடக் கூடாது, உறிஞ்சு குழாய் அடைத்துக்கொள்ளும். சொம்புத் தண்ணீர் பழக்கம் உள்ளவர்கள் கொண்டு போகலாம். வாளி வாளியாக ஊற்றினால் மட்டும் தொட்டி சீக்கிரம் நிரம்பும். ராத்திரி மழையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகக் குடையைவிட மழைக்கோட்டும், வாசலிலேயே கழற்றிப் போடும் ரப்பர் செருப்பும் உதவும்.

வெளியே பார்க்க அதிகம் அலைய வேண்டாம். கேபினை ஒட்டியே கால் மைல் வட்டப் பாதை ஒன்று இருக்கிறது, ஐந்து வயதுக்காரர் நடக்கலாம். பழைய காலத்தில் வெட்டிய பெருமரங்களின் அடிக்கட்டைகளைப் பாருங்கள். ஆள் உயரத்தில் வாய்போல் இரண்டு வெட்டுகள் தெரியும். மரத்தின் அகன்ற அடிப்பகுதியைத் தவிர்க்க, அந்த வெட்டில் பலகையைச் செருகி அதன்மேல் நின்று அறுத்தார்கள். ரேஞ்சர் ஹோல் பாதை 0.8 மைல். ரேஞ்சர்கள் மீன்பிடித்த மடு அது. பாறைகளுக்கு நடுவே ஆறு குறுகிப் பாயும் இடம். பார்க்க அருமை, ஆனால் நவம்பர் மழையில் பாறை பாசி பிடித்து வழுக்கும், விழுந்தால் நீரோட்டம் விடாது. பெரியவர் கையைப் பிடிக்காமல் பிள்ளைகள் கடைசிச் சரிவில் இறங்கக் கூடாது. விஷப்பாம்பு பயம் வேண்டாம், மேற்கு வாஷிங்டனில் அது கிடையாது. பலத்த காற்றடித்தால் நடைப்பயணத்தைக் கைவிடுங்கள். பெரிய இலை மேப்பிள் கிளைகள் சொல்லாமல் விழும். வண்டியையும் காய்ந்த மரத்தடியில் நிறுத்தாதீர்கள். ஏதாவது அடிபட்டால் ஆஸ்பத்திரி போர்ட் டவுன்சென்டிலோ ஷெல்டனிலோதான். ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். முதலுதவிப் பெட்டியை அதற்கேற்ப நிரப்புங்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

வெளியே நெருப்பு மூட்டலாம் என்றாலும் கோடையில் போனால் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் பக்கத்து ஹாமா ஹாமா பள்ளத்தாக்கில் மேப்பிள் மரம் திருட வந்தவர்கள் மரத்திலிருந்த குளவிக்கூட்டைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தப் போய் 3,300 ஏக்கர் காடு எரிந்தது. விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாமல் பிரின்னன் பக்கமே வாங்குங்கள். விறகோடு பூச்சியும் நோயும் ஊர் தாண்டிப் போகும். மழையில் காட்டில் பொறுக்கும் சுள்ளி பற்றவே பற்றாது.

தேதி கிடைக்கவில்லை என்றால் அதே வனத்தில் ஹாமா ஹாமா கேபின் இருக்கிறது; 1930-களின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் இளைஞர்களுக்கு வேலை கொடுக்க உருவான சி.சி.சி. படை கட்டியது. மொன்டானா, ஐடஹோ பக்கம் போனால் பல கேபின்களில் கேஸுக்குப் பதில் விறகடுப்பு. அங்கே தவறு வேறு மாதிரி வரும்: ராத்திரி முழுக்கச் சூடு நிற்கட்டும் என்று ஈர விறகை நிறையத் திணித்துக் காற்றுத்துளையை மூடுவார்கள். புகை குளிர்ந்து புகைப்போக்கியில் தாராகப் படியும், அது ஒருநாள் தீப்பிடிக்கும். காய்ந்த விறகைக் குறைவாகப் போட்டு நல்ல சுவாலையில் எரிப்பதுதான் சரி. சாம்பலை அள்ளினால் இரும்பு வாளிதான், காகிதப் பை அல்ல. கங்கு இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும். காட்டுத்தீயைக் கண்காணிக்க உயரத்தில் கட்டிய காவல் கோபுரங்களில் தங்கினால், 6,000 அடியில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே குக்கர் இல்லாமல் கொண்டைக்கடலை எளிதில் வேகாது.

வரலாற்றுக் கட்டடம் என்பதால் சில விதிகள் கறாராக இருக்கும். சுவரில் ஆணி, டேப் எதுவும் கூடாது. பிறந்தநாள் பலூன் தோரணத்தைக் கயிற்றில் நாற்காலிகளுக்கு இடையே கட்டுங்கள். தோட்டத்தில் துருப்பிடித்த கோடரித் தலையோ பழைய புட்டியோ பார்த்தால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விடுங்கள். நூறு வருடம் தாண்டிய பொருள்களை அரசு நிலத்திலிருந்து எடுப்பது 1979-ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கிளம்பும் காலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே குப்பைத்தொட்டி கிடையாது, வாழைப்பழத்தோல்வரை எல்லாம் உங்களோடுதான் வர வேண்டும். மிச்ச எண்ணெய், உப்பு, அரை பாக்கெட் ரவை எதையும் அடுத்து வருபவருக்கு உதவும் என்று அலமாரியில் விடாதீர்கள். அடுத்து வருவது எலிதான். மேடையை ப்ளீச் நீரால் துடைத்து, தரையை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குளிர்பெட்டியைக் காலியாக்கித் துடையுங்கள். விளக்கு, அடுப்பு, சூடேற்றி மூன்றின் குமிழ்களையும் மூடிவிட்டு, சிலிண்டர் வால்வைப் பற்றி அங்கே ஒட்டியிருக்கும் தாள் என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள். மேன்டில் உடைந்திருந்தால், அலாரம் வேலை செய்யாவிட்டால், குறிப்பேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல் சிக்னல் வந்ததும் வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். குறிப்பேட்டை விருந்தாளிகள்தான் படிக்கிறார்கள். கடைசியாக ஜன்னல் கொக்கிகளைச் சரிபார்த்து, பூட்டைப் போட்டு, எண்களைக் கலைத்துவிட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.